ஊருக்கெல்லாம் தன் பேரை வச்ச ராசா

ஒரே ஒரு ஊர்ல... எந்த ஊருன்னு இப்பவே கேக்காதீங்க. அந்த ஊருக்கு என்ன பேருங்கறதுதான் மொத்தக் கதையும். பொறுங்க.

மலை அடிவாரத்துல ஒரு சின்ன ஊரு இருந்துச்சு. பேரு நாவலடி. அங்க நாவமரம் இருந்துச்சான்னா, இல்லை. எப்பவோ ஒண்ணு இருந்துச்சாம், தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல காத்துல சாஞ்சிருச்சாம். மரம் போச்சு, பேரு மட்டும் நின்னுச்சு. அதுவும் ஒரே மாதிரி நிக்கலை. ஊருக்காரங்க நாவலடின்னாங்க. அவசரமாப் பேசறவங்க நாவடின்னாங்க. மலைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசறவங்க இருந்தாங்க, அவங்க பாஷையில நாவப்பழத்துக்கு நேரேடுன்னு பேரு, அதனால அவங்க நேரேடுபல்லென்னாங்க. வடக்கே இருந்து குதிரை விக்க வர்றவங்க ஜாமூன்பேட்டான்னாங்க. யாரு எப்படிக் கூப்பிட்டாலும் ஊரு கோவிச்சுக்கலை. வர்றவங்க சரியா வந்து சேந்தாங்க. பேருன்னா அதுக்குத்தானே?

இன்னொரு வழக்கமும் இருந்துச்சு. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும். ஒருத்தி கல்யாணம் ஆகி ஒரு ஊருக்கு வந்தா, அங்க அவ பேரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க. அவ பொறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. கள்ளிமேட்டுல பொறந்தவளா, கள்ளிமேட்டுக்காரி. சுனையூர்ல பொறந்தவளா, சுனையூர்க்காரி. அவளுக்கு அப்பா அம்மா வச்ச பேரு அவ புருஷனுக்கே பாதி நாள் மறந்து போயிரும். அவளும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டா. சொன்னா என்ன, நாக்கு அவிஞ்சா போயிரும்னு கேட்டா யாருகிட்டயும் பதில் இல்லை. ஆனா சொல்ல மாட்டாங்க. அப்படித்தான் இருந்துச்சு, விடுங்க.

அந்த நாட்டுக்கு ஒரு ராசா இருந்தான். பேரு கொண்டப்பன். கெட்டவன்னு சொல்ல முடியாது. ஆனா தன் பேரைத் தானே அடிக்கடி சொல்லிப் பாத்துக்கறவன். அந்த ரகம்.

ஒருநாள் ராசா பல்லக்குல நாவலடி வழியாப் போனான். தெருவுல பிள்ளைங்க விளையாடிக்கிட்டு இருந்துச்சுங்க. பல்லக்கை நிறுத்தி ராசா கேட்டான், "ஏ பிள்ளைங்களா, எனக்கு முன்னாடி இந்த நாட்டை ஆண்டது யாரு?"

"தெரியாது."

"அவருக்கு முன்னாடி?"

"தெரியாது."

"அவருக்கும் முன்னாடி?"

"தெரியாது, தெரியாது. நகருங்க, நீங்க நிக்கறது எங்க கோட்டு மேல."

"சரி, இது என்ன ஊரு?"

"நாவலடி!" எல்லாம் ஒரே குரல்ல கத்துச்சுங்க.

ராசா பல்லக்குக்குள்ளேயே பொருமினான். எங்க அப்பன் பேரே இதுங்களுக்குத் தெரியலை, ஒரு செத்த மரத்தோட பேரு தெரியுதே! அரண்மனைக்குப் போனான், சோறு எறங்கலை. மந்திரியைக் கூப்பிட்டான். இந்த மந்திரி இருக்கானே, ராசா தும்முனா 'ஆகா என்ன தும்மல்'னு சொல்றவன்.

"ராசா, இதுக்கா கவலைப்படறீங்க? பிள்ளைங்களுக்கு ராசா பேரு மறக்குது, ஊரு பேரு மறக்கலை. அப்போ உங்க பேரையே ஊருக்கு வச்சிருவோம்."

"எந்த ஊருக்கு?"

"ஏன் ஒண்ணோட நிறுத்தணும்? எல்லா ஊருக்கும்!"

ராசா எழுந்து மந்திரியைக் கட்டிப்பிடிச்சான். அப்புறம் சோறும் எறங்குச்சு.

மறுநாளே தண்டோரா. இதனால் சகலமானவருக்கும் தெரிவிக்கறது என்னன்னா, இன்னையில இருந்து இந்த நாட்டுல இருக்கற எல்லா ஊருக்கும் ஒரே பேரு, கொண்டப்பபுரம். பழைய பேரை யாராவது வாயால சொன்னா, மலை உச்சியில ராசாவுக்குச் சிலை வைக்கப் போறாங்க, அதுக்குக் கல்லு சுமக்கணும். அதோட விட்டானா மந்திரி? ஒற்றர்களை ஊர் ஊரா அனுப்புனான். அவனுங்க வழிப்போக்கன் வேஷத்துல வந்து, "அம்மா, இந்த ஊருக்கு முந்தி என்ன பேரு?", "ஐயா, நான் இன்னாரு வீட்டுக்குப் போகணும், அது எந்த ஊருல இருக்கு?"ன்னு அப்பாவி மாதிரி கேப்பானுங்க. யாராவது மறந்துபோய்ப் பழைய பேரைச் சொன்னா, கையில கயிறு.

அப்புறம் நடந்த கூத்து கொஞ்சமா நஞ்சமா!

உப்பு வண்டிக்காரன் கொண்டப்பபுரத்துல உப்பு இல்லைன்னு கேள்விப்பட்டுக் கொண்டப்பபுரத்துல ஏத்திக்கிட்டுக் கொண்டப்பபுரத்துக்குப் போனான், அங்க வீடு நிறைய உப்பு. கொண்டப்பபுரத்து மாப்பிள்ளை கொண்டப்பபுரத்துப் பொண்ணுக்குத் தாலி கட்டப் போய், வேற கொண்டப்பபுரத்துல மேளத்தோட நின்னான், அங்க ஒரு எழவு வீடு. வீட்டுக்கு வீடு இன்னொரு கூத்து. மாமியாரு, "ஏ கொண்டப்பபுரத்துக்காரி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா"ன்னா, தெருவுல இருக்கற மருமகளுங்க அத்தனை பேரும் சொம்போட வந்து நிப்பாளுங்க. பின்ன, எல்லாரும் பொறந்தது கொண்டப்பபுரந்தானே?

சிரிக்காதீங்க. சிரிக்கற விஷயம் இதோட முடிஞ்சது. இனிமே மயிலாயி வர்றா.

மயிலாயி நாவலடியில பொறந்தவ. மலைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு ஊர்ல கட்டிக் கொடுத்தாங்க. அங்க அவளை யாரும் மயிலாயின்னு கூப்பிடலை, 'நேரேடுபல்லெ'ன்னுதான் கூப்பிட்டாங்க. மொதல்ல அவ திரும்பியே பாக்கலை. யாரையோ கூப்பிடறாங்கன்னு இருந்துட்டா. அப்புறம் பழகிருச்சு. நல்ல குடும்பந்தான். புருஷன் மாடு மேய்க்க மலை மேல போனா மாசக்கணக்குல வர மாட்டான், வந்தா கையில தேன் கொண்டுவருவான். அவன் பேரு என்ன தெரியுமா? கொண்டப்பா. ராசாவுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு கொண்டப்பா.

மயிலாயி மாசமா இருந்தா. தலைப்பிரசவம். தலைப்பிரசவம்னா அம்மா வீட்டுலதான். பொறந்த வீட்டு ஆளு வந்து கூட்டிட்டுப் போகணும். வளையல் போட்டாச்சு, மாசம் ஏறியாச்சு, யாரும் வரலை. அவ தினமும் வாசல்ல நின்னு மலைப்பாதையைப் பாத்தா. மாமியாரு, "உங்க ஆளுங்க உன்னை மறந்துட்டாங்களா?"ன்னு கேட்டா. திட்டறதுக்குக் கேக்கலை, அவளுக்கும் கவலை.

யாரும் மறக்கலை. மயிலாயியோட அண்ணன் சடையன் கிளம்பினான். சுங்கச்சாவடியில ஒருத்தன் அன்பா, "எங்கிருந்து வர்ற தம்பி?"ன்னு கேட்டான். சடையன், "நாவலடி"ன்னான். அவ்வளவுதான். அவன் மலையில கல்லு சுமந்துக்கிட்டு இருந்தான்.

இது மயிலாயிக்குத் தெரியாது. இடுப்பு வலி லேசா எட்டிப் பாக்க ஆரம்பிச்சதும் அவ பொறுக்கலை. புருஷன் மாட்டோட மலை மேல, மாமியாருக்கு முட்டி வலி, மலை ஏற முடியாது. உப்பு விக்கற பொம்பளைங்க கூட்டம் ஒண்ணு கணவாய் வழியா எறங்குச்சு, அவங்களோட இவளும் எறங்கினா. அடிவாரத்துல அவங்க, "நாட்டுல என்னென்னவோ சொல்றாங்க, பழைய பேரை மட்டும் வாயைத் தொறந்து சொல்லிராத தாயி"ன்னு எச்சரிச்சுட்டு வேற பக்கம் போயிட்டாங்க. மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு இவ தனியா நடந்தா. கல்யாணத்தப்போ மூடின வண்டியில அழுதுகிட்டே போனவளுக்கு வழி எப்படித் தெரியும்? கேட்டுத்தான் போகணும். எப்படிக் கேக்கறது? பழைய பேரைச் சொன்னா கல்லு. புதுப் பேரைச் சொல்லலாம்னா, அது அவ புருஷன் பேரு!

காடு எப்படி இருந்துச்சுன்னெல்லாம் வர்ணிக்கப் போறதில்லை. காடு, மரம், வெயில். அவ்வளவுதான். ஒரு மூணு வழி சேர்ற எடத்துல மரத்தடியில உக்காந்தா. அங்க ஏற்கெனவே ஒருத்தன் உக்காந்து இருந்தான். வேட்டி கிழிஞ்சு, முகமெல்லாம் சேறு, காலுல முள்ளு.

யாரு? ஆமா, அவனேதான். ராசா.

காட்டுப்பன்னியைத் துரத்திக்கிட்டு வந்தான், குதிரை அவனைக் கீழ தள்ளிட்டு ஓடிப்போச்சு, கூட வந்தவங்க எங்கேயோ போயிட்டாங்க. நடந்தான். மொத ஊருக்குப் போய், "அரண்மனை இருக்கற ஊருக்கு எப்படிப் போறது?"ன்னு கேட்டான். குயவன் ஒருத்தன் தலையே தூக்கலை. "அது கொண்டப்பபுரத்துல இருக்கு."

"கொண்டப்பபுரம் எங்க இருக்கு?"

"இதுதான்."

ரெண்டாவது ஊருக்குப் போனான். தண்ணி எறைக்கறவ சொன்னா, "இதுதான் கொண்டப்பபுரம்." மூணாவது ஊருக்குப் போனான். ஏரு ஓட்டறவன் சொன்னான், "இதுதான்." எவனும் கையைக் கூட நீட்டலை. நீட்டுனா ஒற்றன் பிடிச்சுக்குவான்னு பயம். ராசா திரும்பத் திரும்பத் தன் பேருக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருந்தான்.

மயிலாயி கேட்டா, "அண்ணே, நீங்க எந்த ஊரு?"

"கொண்டப்பபுரம்," ராசா பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னான். "நீ எங்க போகணும்?"

"எங்க அம்மா ஊருக்கு."

"அதுக்குப் பேரு?"

"பழைய பேரைச் சொல்ல மாட்டேன்."

"புதுப் பேரைச் சொல்லு."

"அதைச் சொல்லவே மாட்டேன்."

"ஏன்? ராசா பேரு அவ்வளவு கசக்குதா?"

"கசக்கலைண்ணே. அது எங்க வீட்டுக்காரரு பேரு."

நாட்டுல இருக்கற எத்தனை பொம்பளைங்களால சொந்த ஊரு பேரைச் சொல்ல முடியாமப் போச்சோன்னு அன்னைக்குத்தான் அவனுக்குத் தோணுச்சு. அப்புறம் இன்னொண்ணும் தோணுச்சு. ராணி ஏன் இத்தனை நாளா அவ அம்மா வீட்டைப் பத்திப் பேசவே இல்லை?

அப்போ வடக்குப் பாதையில ஒரு குதிரை வியாபாரி வந்தான். காசிம்னு பேரு. ரெண்டு மூணு குட்டிக் குதிரைங்களைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு வந்தான். மயிலாயி முகத்தைப் பாத்ததும் நின்னுட்டான். "என்ன மகளே, இந்த நிலைமையில இங்க உக்காந்திருக்க? எங்க போகணும்?"

மயிலாயிக்கு வலி ஒரு சுத்து சுத்துச்சு. அவ வாயில அந்தப் பக்கத்துப் பேருதான் வந்துச்சு. அவளைத் தினமும் கூப்பிடற பேரு. "நேரேடுபல்லெ."

காசிம் யோசிச்சான். "நேரேடு... நேரேடுன்னா அந்தக் கருப்புப் பழம். நாக்கு ஊதா ஆகுமே? அட, நம்ம ஜாமூன்பேட்டா! எங்க தாத்தா குதிரை வித்த ஊரு. கருப்பு ஐயனாரு இருக்காரே, பெரிய குளம், அதானே?"

"அதேதான்!" மயிலாயி அழுதுட்டா.

"இடது பக்கம் போ. ஓடையைத் தாண்டு. அடுத்த ஊரு அதான்."

ராசாவுக்குப் பொறுக்கலை. "பழைய பேரைச் சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருக்கு தெரியுமா?"

காசிம் சிரிச்சான். "தம்பி, நான் எங்க பழைய பேரைச் சொன்னேன்? அந்தப் பொண்ணு தெலுங்குல சொல்லுச்சு, நான் எங்க பாஷையில சொன்னேன். உங்க ராசா உங்க வாயைத்தான் கட்டுனாரு. ஊரு எங்க வாயில பத்திரமா இருக்கு." அப்புறம் குதிரையைத் தட்டிக்கிட்டே சொன்னான், "எங்க தாத்தா ஜாமூன்பட்டணம்னாரு. நான் ஜாமூன்பேட்டாங்கறேன். என் பசங்க ஜாம்பேட்டாங்கறானுங்க. யாரு உத்தரவு போட்டா? ஒருத்தரும் போடலை. வாயில கெடந்து தேயுது, அவ்வளவுதான். நீங்க தண்டோரா போட்டு மாத்துனா, அது ஒட்டுமா?"

இருட்டறதுக்குள்ள சாவடியைத் தாண்டணும்னு அவன் போயிட்டான். இடது பக்கம் பாதை. மயிலாயி எழுந்தா, தடுமாறினா. ராசா வேற என்ன பண்ணுவான்? அவனுக்கும் போக எடம் இல்லை. அவ மூட்டையை எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டான். பொறந்ததுல இருந்து அவன் தூக்கின மொத சுமை அது.

ஓடையைத் தாண்டினாங்க. மாடு வீடு திரும்பற நேரம். ஊரு தெரியுது, கூரையில புகை தெரியுது, குளம் தெரியுது. ஊருக்கு வெளிய ஒரு கல்லு மேல மயிலாயி பொத்துன்னு உக்காந்துட்டா. "இனிமே ஒரு அடி முடியாதுண்ணே. போய் எங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. சீக்கிரம்."

"உங்க அம்மா பேரு என்ன?"

"எனக்கு அம்மா. ஊருக்கு அவங்க கள்ளி..." சொல்ல வந்தவ வாயைப் பொத்திக்கிட்டா. அதுவும் பழைய பேரு. அப்புறம் வலி வந்துச்சு, அவ கையை எடுத்துட்டுச் சொல்லிட்டா. "கள்ளிமேட்டுக்காரி! அவங்க பொறந்த ஊரு அது. இப்போ என்னான்னு கூப்பிடறாங்களோ எனக்குத் தெரியாது. போங்க!"

ராசா ஊருக்குள்ள ஓடினான். அன்னைக்குப் பிள்ளைங்க கோட்டு மேல அவன் பல்லக்கு நின்ன அதே தெரு, நாவலடி! நடுத்தெருவுல நின்னு, தன் சட்டப்படி, சுத்தமா, கத்தினான்: "கொண்டப்பபுரத்துக்காரீ!"

ஒரு கதவு தொறந்துச்சு. "என்ன?"

இன்னொரு கதவு தொறந்துச்சு. "என்னையா கூப்பிட்ட?"

மூணாவது கதவு தொறந்துச்சு. "யாரு வேணும்?" அப்புறம் எல்லாக் கதவும் தொறந்துச்சு, தெரு முழுக்கப் பொம்பளைங்க. கையில கரண்டி, இடுப்புல பிள்ளை, ஒருத்தி பாதி அரைச்ச மாவுக் கையோட.

"மலைக்கு அந்தப் பக்கம் பொண்ணு கட்டிக் கொடுத்தாங்களே, அவளோட அம்மா யாரு?"

யாரும் பேசலை. அந்தக் கூட்டத்துல ஒருத்தி முகம் மட்டும் வெளுத்துச்சு. ஆனா அவளும் பேசலை. ஏன் பேசுவா? இப்படி அன்பாக் கேட்ட ஒருத்தன்தான் அவ மகன் சடையனைப் பிடிச்சுட்டுப் போனான்.

மாவுக்கைக்காரி சொன்னா, "யோவ், இதே மாதிரி ஒருத்தன் போன மாசம் வந்து கேட்டான். எங்க சின்னாத்தா பதில் சொன்னா. இப்போ அவ கல்லு சுமக்கறா. போய்யா."

"நான் ஒற்றன் இல்லை! நான்... நான் உங்க ராசா!"

எல்லாரும் அவன் கிழிஞ்ச வேட்டியைப் பாத்தாங்க, சேத்து முகத்தைப் பாத்தாங்க, தலையில இருக்கற மூட்டையைப் பாத்தாங்க. "நீ ராசான்னா நான் ராணி. அவரு பல்லக்குல இருந்து காலைக் கீழ வைக்க மாட்டாரு, மூட்டை தூக்கறாராம்!" கதவு ஒண்ணு சாத்துச்சு. ரெண்டு சாத்துச்சு. எல்லாம் சாத்துச்சு.

ஊருக்கு வெளிய இருந்து மயிலாயி கத்தற சத்தம் கேட்டுச்சு. யாருன்னு தெரியாத சத்தம், தூரத்துல, நரி ஊளையிடற மாதிரி.

இப்போ அவன் என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க. அவன் போட்ட சட்டம். அவன் பேரு. ஒற்றன் எப்பவும் அடுத்தவங்களைத்தான் சொல்ல வைப்பான், தான் சொல்ல மாட்டான். அது ஊருக்கே தெரியும். அப்போ அவன் ஒற்றன் இல்லைன்னு நிரூபிக்க ஒரே வழிதான்.

மூட்டையைக் கீழ வச்சான். மூச்சை இழுத்தான். "கள்ளிமேட்டுக்காரீ! ஏ நாவலடிக் கள்ளிமேட்டுக்காரீ! உன் மக ஊருக்கு வெளிய கல்லு மேல வலியில துடிக்கறா, வா!"

படார்னு ஒரு கதவு தொறந்துச்சு. அந்தம்மா ஓடின ஓட்டம் இருக்கே! செருப்பு இல்லை, முந்தானை தரையில. பின்னாடியே அத்தனை கதவும் தொறந்து அத்தனை பொம்பளைங்களும் ஓடினாங்க. மருத்துவச்சி ஓடினா, மாவுக்கைக்காரி ஓடினா. கட்டிலைத் தூக்கிட்டு ஆம்பளைங்க ஓடினாங்க. மயிலாயியைக் கட்டில்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. ராசா வெளிய நின்னான். உள்ள சத்தம், சத்தம், சத்தம். அப்புறம் ஒரு சின்ன அழுகை.

"பொண்ணு!"

ராசா அப்படியே சுவத்துல சாஞ்சு தரையில உக்காந்துட்டான். அவனுக்கே புரியலை, ஏன் கண்ணுல தண்ணி வருதுன்னு. யாரோ ஒரு குண்டான் கூழு கொடுத்தாங்க. குடிச்சான். அங்கேயே தூங்கிட்டான்.

விடிஞ்சதும் குதிரைச் சத்தம். காணாமப் போன ராசாவைத் தேடி மந்திரி வந்துட்டான், சேவகர்களோட. ஆனா மந்திரியாச்சே, வந்த எடத்துல வேலையை விடுவானா? ஊரு எல்லையில மாடு மேய்க்கறவன் ஒருத்தன், நேத்து ஊருக்குள்ள ஏதோ பேரு சொல்லிக் கத்துனாங்கன்னு உளறியிருந்தான்.

"யாரு கத்துனது? பழைய பேரை யாரு சொன்னது?"

கள்ளிமேட்டுக்காரி வாசல்ல வந்து நின்னா. ராசா அவ பின்னாடி சுவத்தோரமா ஒடுங்கி இருந்தான். "யாரும் சொல்லலை. எனக்குக் காது நல்லாக் கேக்கும், ஒண்ணும் கேக்கலை."

மாவுக்கைக்காரி சொன்னா, "எனக்கும் கேக்கலை."

மருத்துவச்சி சொன்னா, "நான் பிரசவம் பாத்துக்கிட்டு இருந்தேன், எனக்கு எங்க கேக்குது?"

பாத்தீங்களா? கத்துனவன் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. சடையன் கல்லு சுமக்கறான், சின்னாத்தா சுமக்கறா, இவனைக் காட்டிக் கொடுத்தா இவங்களுக்கு ஏதாவது சலுகை கெடைச்சிருக்கும். கொடுக்கலை.

"அப்போ ஊரே கல்லு சுமக்கட்டும்!" மந்திரி கத்தினான்.

ராசா எழுந்தான். "நான்தான் சொன்னேன்."

மந்திரி திரும்பினான். கண்ணு வெளிய வந்துருச்சு. பதறிக் குதிரையில இருந்து விழாத குறையா எறங்கி, "ராசா! நாவலடியில நீங்க என்ன பண்றீங்க?"ன்னான்.

ஊரே சிரிச்சுச்சு பாருங்க! எழுபது வயசு ஆளுல இருந்து இடுப்புப் பிள்ளை வரைக்கும். மந்திரி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்தினான். பேரு உள்ள போகுமா? வெளிய வந்துருச்சே.

"சட்டம் உங்களுக்கு இல்லை ராசா," மந்திரி கைக்குள்ள முணுமுணுத்தான். "எனக்கும்... அதாவது... வாய் தவறி..."

"அப்போ யாருக்குங்க சட்டம்?" கள்ளிமேட்டுக்காரி கேட்டா. ராசான்னு தெரிஞ்சும் கேட்டுட்டா. உள்ள இருந்து மயிலாயி கட்டில்ல படுத்துக்கிட்டே சொன்னா, "எங்க அண்ணன் ஒரே ஒரு பேருதான் சொன்னானாம். இவரு ரெண்டு பேரு சொன்னாரு."

ராசாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "சரியாச் சொன்ன தங்கச்சி. வாய்யா மந்திரி."

ரெண்டு பேரும் மலைக்கு நடந்தாங்க. அங்க சடையன் கல்லைத் தோள்ல வச்சுக்கிட்டு நின்னான். புதுசா வந்த ரெண்டு பேரைப் பாத்து, "வாங்க வாங்க. நீங்க எந்த ஊரு பேரைச் சொன்னீங்க?"ன்னு கேட்டான்.

"நாவலடி," ராசா சொன்னான்.

"அட, நம்ம ஊரு! என்ன வேலை நம்ம ஊருல?"

"உன் தங்கச்சியைக் கொண்டு வந்து விட்டேன். நீ மாமன் ஆயிட்ட."

சடையன் கல்லைக் கீழ போட்டுட்டான். யாரு தடுப்பாங்க? ராசா ஒரு கல்லைத் தூக்கிப் பாதி மலை ஏறினான். அதோட திருந்திட்டான்னு எல்லாரும் சொல்லுவாங்க. பொய். மொத கல்லுல கோவம்தான் வந்துச்சு. ரெண்டாவது கல்லுல சின்னாத்தாவைப் பாத்தான், வயசான பொம்பளை, உள்ளங்கையெல்லாம் புண்ணு. மூணாவது கல்லுலதான் பாதி வழியில வச்சுட்டு, "போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க"ன்னான். மந்திரியை மட்டும் போக விடலை. மேல கொண்டுபோன கல்லையெல்லாம் அவன் திரும்பக் கீழ எறக்கணும்னான். அவன் எறக்கினான், எறக்கினான், மழைக்காலம் வந்தப்புறமும் எறக்கிக்கிட்டே இருந்தான்.

மறுபடி தண்டோரா. எந்த ஊரை எப்படி வேணாலும் கூப்பிடுங்க. அரண்மனையில ராணி அன்னைக்குத்தான் வாயைத் தொறந்து, "நான் எங்க சுனையூருக்கு ஒரு வாரம் போயிட்டு வரவா?"ன்னு கேட்டாளாம்.

ஆனா ஒண்ணு. எல்லாப் பேரும் போன மாதிரியே திரும்பி வரலை. ரகசியமாச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைங்க பேரைச் சின்னதாக்கிருச்சுங்க. நாவலடி நாவடியாவே நின்னுருச்சு. கள்ளிமேடு கள்ளிடு ஆச்சு. யாரும் உத்தரவு போடலை, யாரும் வருத்தமும் படலை. மயிலாயியை அந்தப் பக்கம் இன்னும் நேரேடுபல்லென்னுதான் கூப்பிட்டாங்க, கைப்பிள்ளையோட திரும்பிப் போனப்போ மாமியாரு முட்டி வலியோடயே எதிர்ல ஓடி வந்து கூப்பிட்டா.

அப்போ ராசா பேரு நிக்கலையான்னு கேக்கறீங்களா? பாதி மலையில அவன் வச்சுட்டுப் போன கல்லு அங்கேயே இருந்துச்சு. விறகு சுமக்கற பொம்பளைங்க அதுமேல சுமையை எறக்கி வச்சு மூச்சு வாங்கினாங்க. மொதல்ல அதை ராசா வச்ச கல்லுன்னாங்க. அப்புறம் ராசாக்கல்லுன்னாங்க. இப்போ ராச்சல்லுங்கறாங்க. எந்த ராசா, என்ன கல்லு, யாருக்கும் தெரியாது. ஆனா சுமையை எறக்கி வச்சதும் எல்லாரும் 'அப்பாடா'ங்கறாங்க. அவனுக்கு அது போதும்.

மயிலாயி அம்மா வீடு சேந்தா, கல்லு சுமந்தவங்க அவங்கவங்க வீடு சேந்தாங்க, கதையும் வீடு சேந்துருச்சு. எழுந்திரிங்க, பாயைச் சுருட்டணும்.